தொட்டில் கொக்கியில் மாட்டிய என் பை

ஓர் அறை நமக்காகத் திறந்து விடப்படும்போது, அதற்காக யார் வெளியேற்றப்பட்டார்கள் என்று கேட்க வேண்டியது யாருடைய கடமை? திறந்து விட்டவருடையதா, வெளியே போனவருடையதா, அல்லது உள்ளே நுழைந்து வசதியாக உட்கார்ந்துகொண்டவருடையதா? சென்ற ஆண்டு, மாரி மழை தொடங்குவதற்குச் சில வாரங்கள் முன்பு, பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் வீதியை ஒட்டிய ஒரு தேயிலைத் தோட்டத்தில் இந்தக் கேள்வி என் முன்னால் வந்து நின்றது. அதற்கு முன்பு என்னிடம் யாராவது கேட்டிருந்தால், மிகுந்த தன்னம்பிக்கையோடு தவறான பதிலைச் சொல்லியிருப்பேன்.

நான் சமூகவியல் பட்டதாரி. கொழும்பிலுள்ள ஓர் ஆய்வு நிறுவனத்தின் களப் பொறுப்பாளராக, ஊவா மாகாணத் தோட்டங்களில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எப்படிப் பராமரிக்கப்படுகிறார்கள் என்பதைப் பற்றிய ஆய்வொன்றை நடத்திக்கொண்டிருந்தேன். என்னோடு மூன்று தரவு சேகரிப்பாளர்கள் இருந்தார்கள். ஆறு வாரப் பயணம் அது. எந்த ஊரிலும் நான்கு நாள்களுக்கு மேல் தங்க முடியாது. பண்டாரவளையில் கிடைத்த அறையில் மேசையே இல்லாததால், துணி அயர்ன் பண்ணும் பலகையை விரித்து அதன்மேல் மடிக்கணினியை வைத்து நின்றபடி வேலை செய்தேன். வெலிமடையில் தங்கியிருந்த விடுதியின் கீழே மரக்கறி லொறிகள் விடியுமுன்பே ஹோர்ன் அடிக்கத் தொடங்கிவிடும். பகலில் வேலை செய்யக் கிடைத்த இடங்களும் அப்படித்தான். ஒரு தோட்டத்தில் கோயில் மண்டபம், இன்னொன்றில் தேவாலயத்தின் பின்னறை, எதுவும் கிடைக்காத நாளில் வேனின் பின் இருக்கை. ஒரு நல்ல மேசை, ஒரு மின்செருகி, கொஞ்சம் அமைதி. இவை மூன்றும் ஒரே இடத்தில் கிடைத்தால் போதும் என்ற நிலைக்கு நான்காவது வாரத்திலேயே வந்துவிட்டேன்.

எல்ல என்ற சுற்றுலா ஊரில் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். அங்கு ஒரு ஹோட்டலில் மூன்று நாள்களுக்கு முன்கூட்டியே அறை பதிவு செய்திருந்தோம். இரண்டாம் நாள் பின்னேரம் திரும்பி வந்தபோது என் பை வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில் கிடந்தது. காயப்போட்டிருந்த என் உடைகளை ஈரத்தோடு ஒரு பொலித்தீன் பையில் திணித்து அதன்மேல் வைத்திருந்தார்கள். வெளிநாட்டுப் பயணிகள் குழுவொன்று வந்துவிட்டதாம். வரவேற்பு மேசையில் இருந்தவர் பக்கத்துத் தோட்டத்துத் தமிழர்.

“நம்ம ஆளுதானே மிஸ், கொஞ்சம் சமாளிச்சுக்கங்க. அவங்க வெள்ளைக்காரங்க, கோவிச்சுக்குவாங்க” என்றார்.

“எனக்குக் கோவம் வராதா?” என்று கேட்டேன்.

“வரும் மிஸ். ஆனா நீங்க திருப்பி வருவீங்க, அவங்க வரமாட்டாங்களே” என்று சிரித்தார்.

அன்று நான் எவ்வளவு கொதித்தேன் என்பதை விவரிக்க முடியாது. ஒருவர் இருந்த இடத்திலிருந்து அவருக்குத் தெரியாமலே அவரைத் தூக்கி வெளியே வைப்பது எத்தகைய அவமானம் என்று, பதுளைக்கு வரும் வழியெல்லாம் வேனுக்குள் உரையாற்றிக்கொண்டே வந்தேன். இப்போது நினைத்தால் அந்த உரையின் ஒவ்வொரு வாக்கியமும் எனக்கே திருப்பிச் சொல்லத்தக்கதாக இருக்கிறது.

பதுளையில் அவசரமாகக் கிடைத்த விடுதி அறையில் கட்டிலைத் தவிர வேறொன்றும் இல்லை. ஒரே மின்செருகி, அதுவும் கட்டிலுக்குப் பின்னால். அதனால், மறுநாள் தோட்டத்துக்குப் போனபோது அங்கிருந்த நலன்புரி உத்தியோகத்தர், “ஒங்களுக்கு நல்ல எடம் ஒண்ணு ஒதுக்கி வச்சிருக்கோம் மிஸ்” என்று அழைத்துச் சென்று காட்டிய கட்டடம் எனக்குச் சொர்க்கமாகத் தெரிந்தது. சுத்தமான நீண்ட அறை. புதிதாக வெள்ளையடித்த சுவர். இரண்டு மேசைகள், நான்கு மின்செருகிகள், பின்பக்கத்தில் ஒரு சிறிய சமையலறை. வாசலில் சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பலகை தொங்கியது. தோட்டத்தில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் அந்த இடத்தைப் பிள்ளை மடுவம் என்றுதான் எல்லோரும் அழைப்பார்கள்.

“பிள்ளைகள் எங்கே?” என்று கேட்டேன்.

“இந்தக் கெழம பூரா லீவுங்க மிஸ்” என்றார் அவர்.

இந்த இடத்தில்தான் நான் நின்றிருக்க வேண்டும். ஏனென்றால் நானும் தோட்டத்தில் பிறந்தவள். என் அம்மா வெலிமடைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்தவர். நானும் இப்படியொரு மடுவத்துத் தொட்டிலில் கிடந்தவள்தான். மலையில் கொழுந்து எடுக்கும் நாளில் மடுவத்துக்கு விடுமுறை கிடையாது என்பது எனக்குத் தெரியாத விடயமல்ல. அன்று காலையில் தேயிலைச் செடிகளுக்கிடையே நிரை பிடித்துப் பெண்கள் நிற்பதை வேனிலிருந்து பார்த்துக்கொண்டேதான் வந்தேன். எனினும் நான் அடுத்த கேள்வியைக் கேட்கவில்லை. மேசை நன்றாக இருந்தது.

உத்திரத்தில் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு இரும்புக் கொக்கிகள் இருந்தன. தொட்டில் சேலைகளை அவிழ்த்து எடுத்துவிட்டிருந்தார்கள். அந்தக் கொக்கிகளில் நாங்கள் எங்கள் மழைக்கோட்டுகளை மாட்டினோம். என் பையை நான் ஜன்னலோரக் கொக்கியில் மாட்டினேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு முன்பே, நான் வினாக்கொத்துகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, வாசலில் ஓர் இளம் தாய் வந்து நின்றார். தலையில் கூடைக் கயிறு, இடுப்பில் எட்டு ஒன்பது மாதப் பெண் குழந்தை. தொழிலாளர்களை வேலைக்குப் பிரித்து அனுப்பும் பெரட்டுக்குப் போகிற அவசரம் அவர் முகத்தில் இருந்தது.

“மிஸ், இன்னைக்கும் புள்ளைய விட ஏலாதா?”

“இந்தக் கிழமை லீவு என்று சொன்னார்களே” என்றேன்.

“யாருக்குங்க லீவு? எங்களுக்கு யாரும் சொல்லலியே. நேத்து கொண்டுட்டு வந்தா கதவு பூட்டுல கெடக்கு. பொறவு மலைக்குத்தான் தூக்கிட்டுப் போனேன்.”

அவர் கோபமாகக்கூடப் பேசவில்லை. என் தோளுக்கு மேலாக உள்ளே எட்டிப் பார்த்தார். அவர் பார்வை ஜன்னலோரக் கொக்கியில் போய் நின்றது. பிறகு தெரிந்துகொண்டேன், அது அவருடைய குழந்தையின் தொட்டில் தொங்கும் கொக்கி. அந்தக் கணத்தில் நான் சொன்னது இதுதான்: “இன்னும் ரெண்டு நாள்தான். கொஞ்சம் சமாளிச்சுக்கங்க.”

எல்லவில் எனக்குச் சொல்லப்பட்ட அதே வார்த்தைகள். சொல்லும்போது எனக்கு அது உறைக்கவேயில்லை. அவர் குழந்தையை ஒரு முறை தூக்கி இடுப்பில் சரியாக அமர்த்திக்கொண்டு, “சரிங்க” என்று சொல்லிவிட்டு ஏற்றத்தில் ஓடினார். நான் கதவைச் சாத்தினேன். காற்றில் காகிதங்கள் பறந்தன என்பதுதான் காரணம்.

மடுவத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண் என் வயதுடையவர். அவரை எங்களுக்குத் தேநீர் போட்டுக் கொடுக்கும் வேலைக்கு விட்டிருந்தார்கள். பிள்ளைகளுக்குப் பால் காய்ச்சும் கேத்தலில்தான் எங்களுக்குத் தேநீர் வந்தது. ஒரு நாளைக்கு மூன்று முறை. நான் ஒவ்வொரு முறையும் நன்றி சொன்னேன். ஒவ்வொரு முறையும் அவர் பதில் சொல்லாமல் போனார். கொஞ்சம் முகம் கொடுத்துப் பேசாத பெண் என்று எண்ணிக்கொண்டேன்.

அன்று பின்னேரம் எங்கள் குழு தொழிலாளர் குடியிருப்புகளான லயங்களுக்குப் போய்த் தாய்மாரைச் சந்தித்தது. எங்கள் வினாக்கொத்தில் முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: நேற்று நீங்கள் வேலைக்குப் போனபோது உங்கள் பிள்ளை யாருடைய பராமரிப்பில் இருந்தது? பதில்களை நான் அந்த நல்ல மேசையில் உட்கார்ந்து பார்த்தபோது எனக்கு உற்சாகம் பிறந்தது. மற்றத் தோட்டங்களில் பெரும்பாலோர் மடுவம் என்று சொல்லியிருக்க, இங்கு ஒருவர்கூட அப்படிச் சொல்லவில்லை. சிலர் மலைக்குத் தூக்கிப் போயிருந்தார்கள். சிலர் பக்கத்து வீட்டில் விட்டிருந்தார்கள். சிலர் மூத்த பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பாமல் வைத்திருந்தார்கள். உடனே கொழும்புக்கு ஒரு குறிப்பு அனுப்பினேன். இவ்வளவு வசதியான சிறுவர் நிலையம் இருந்தும் இத்தோட்டத்துத் தாய்மார் அதைப் பயன்படுத்துவதில்லை, அவர்களுக்கு விழிப்புணர்வு ஊட்டுவது அவசியம் என்று அதில் எழுதியிருந்தேன்.

அந்தக் குறிப்பை எழுதும்போது நான் உட்கார்ந்திருந்தது எங்கே என்பதை மறுபடி சொல்லத் தேவையில்லை. காலையில் வாசலில் நின்ற பெண்ணின் முகம்கூட எனக்கு நினைவு வரவில்லை. ஒரு தாய் நேரில் வந்து சொன்னது தகவலாகத் தெரியவில்லை, படிவத்தில் விழுந்தால்தான் தகவல் என்று என்னைப் படிப்பித்திருந்தார்கள் போலும். கொழும்பிலிருந்து உடனே பாராட்டு வந்தது.

மூன்றாம் நாள் காலை பத்து மணியளவில் மேலே மலையிலிருந்து கூச்சல் கேட்டது. “குளவி! குளவி!” தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்தச் சொல் போதும். தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த மடுவத்துப் பெண் கேத்தலைத் தரையில் போட்டுவிட்டு ஓடினார். நான் அவருக்குப் பின்னால் ஓடினேன்.

மலை ஓரத்து மரத்தின் தாழ்ந்த கிளையில் சேலையால் தொட்டில் கட்டி, அதில் குழந்தையைப் போட்டுவிட்டு முந்திய நாள் காலை வாசலில் வந்து நின்ற அந்தத் தாய் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார். மேல் கிளையில் கூடு கட்டியிருந்த குளவிகள் எதனாலோ கலைந்துவிட்டன. மற்றவர்கள் கீழ்நோக்கி ஓட, அவர் மட்டும் மரத்தை நோக்கி ஓடியிருக்கிறார். மழைக்கும் செடி கீறுவதற்கும் பாதுகாப்பாகப் பெண்கள் இடுப்பில் சுற்றிக்கொள்ளும் தடித்த படங்கை அவிழ்த்து, குழந்தையை முழுவதுமாக அதற்குள் மூடி, அதன்மேல் தான் கவிழ்ந்து படுத்துக்கொண்டார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆண்கள் சிலர் புகை போட்டுக் குளவிகளை விரட்டிவிட்டிருந்தார்கள். அவரைத் திருப்பியபோது முகம் அடையாளம் தெரியவில்லை. கழுத்து, தலை, முதுகு எல்லாம் தடித்திருந்தன. படங்குக்குள் குழந்தை வியர்த்துப்போய்க் கத்திக்கொண்டிருந்தது. அதன் ஒரு காலில் மட்டும் இரண்டு கொட்டுகள்.

தோட்டத்து லொறி கொழுந்து ஏற்றப் போயிருந்தது. எங்கள் வேனில்தான் பதுளை வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். குழந்தை என் மடியில் இருந்தது. மடுவத்துப் பெண் அந்தத் தாயின் தலையைத் தாங்கிப் பிடித்தபடி, “தூங்கிறாத புள்ள, கண்ண முழிச்சுப் பாரு, எங்கூடப் பேசு” என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். வீங்கிய உதடுகளால் அவர் பேசியது ஒரே ஒரு வாக்கியம்: “புள்ளைக்கு ஒண்ணுமில்லயே?” அதையே திரும்பத் திரும்பக் கேட்டார். நாங்கள் சொன்ன பதில் அவர் காதில் ஏறவில்லை. மூச்சு வாங்குவது கடினமாகிக்கொண்டே வந்தது. இந்தப் பெண் இந்த வேனில் இறந்துபோனால் அதற்கு யார் காரணம் என்று என் மனம் கணக்குப் போட ஆரம்பித்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் விடை ஜன்னலோரக் கொக்கியிலேயே வந்து முடிந்தது.

அவர் பிழைத்துக்கொண்டார். இன்னும் கால் மணி நேரம் தாமதித்திருந்தால் சொல்வதற்கில்லை என்று வைத்தியர் சொன்னார். ஐந்து நாள் வைத்தியசாலையில் இருக்க வேண்டியிருந்தது.

அன்று நோயாளர் வாட்டுக்கு வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தபோது மடுவத்துப் பெண்ணிடம் கேட்டேன், மடுவத்தை எங்களுக்காகத்தான் மூடினார்கள் என்று ஏன் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று.

“நீங்க கேட்டீங்களா மிஸ்?” என்றார்.

அவரே தொடர்ந்தார். “கொழும்புலேர்ந்து ஆளு வருது, எல்லாம் சுத்தமா இருக்கணும்னாங்க. முப்பது புள்ளைங்க இருக்குற எடம் எப்பிடிங்க சுத்தமா இருக்கும்? அதனால புள்ளைங்கள எடுத்துட்டாங்க. எனக்கு டீ ஊத்துற வேல. புள்ளைங்களப் பத்திப் படிக்க வந்தவங்களுக்கு, புள்ளைங்க இல்லாத மடுவத்துல, புள்ளைங்க கேத்தல்ல டீ. நல்லாதானே இருந்துச்சு?”

சொல்லிவிட்டு எழுந்து வாட்டுக்குள் எட்டிப் பார்க்கப் போனார்.

நான் பின்னேரம் தோட்டத்துக்குத் திரும்பி முதல் வேலையாக எங்கள் பொருள்களை மடுவத்திலிருந்து அகற்றினேன். நலன்புரி உத்தியோகத்தர் பதறி வந்தார். “குளவி கொட்டுனதுக்கு நம்ம என்ன மிஸ் செய்ய ஏலும்? அது காட்டுப் பூச்சி. மடுவத்தப் பத்தி மட்டும் ஒண்ணும் எழுதிராதீங்க. ஒங்க வசதிக்குத்தானே செஞ்சோம்!” அவர் சொன்னதில் என்னை மிகவும் சுட்டது அந்தக் கடைசி வாக்கியம்தான், ஏனென்றால் அது உண்மை. ஆனாலும் அவரிடம் கேட்டேன்: மலையில் கொழுந்து எடுக்கும் நாளில் மடுவத்தைப் பூட்டுவதற்கு முன்பு ஒரு தாயிடமாவது சொன்னீர்களா? “அவங்களுக்கு என்னத்தச் சொல்றது?” என்றார். உண்மையாகவே அவருக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. கெட்ட மனிதரல்ல அவர். அதுதான் என் கோபத்தை இன்னும் கூட்டியது. முப்பது தாய்மாருக்கு ஒரு வாய்ச்சொல் சொல்லவேண்டும் என்பது ஒரு நல்ல மனிதருக்கும் தோன்றாத அளவுக்கு இந்த வழக்கம் ஊறிப்போயிருக்கிறது.

அன்றே கொழும்பிலுள்ள என் மேலதிகாரியிடம் நடந்ததைத் தொலைபேசியில் சொன்னேன். அனுதாபத்தோடுதான் கேட்டார். களத்தில் இப்படியான சம்பவங்கள் நேர்வதுண்டு, மனதைத் தளரவிட வேண்டாம் என்றார். பிறகு, அந்தத் தோட்டத்தின் தரவு மிகவும் வலுவானது, அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்றும் சொன்னார். வலுவான தரவு! நாங்களே கதவைப் பூட்டிவிட்டு, நாங்களே போய், ஏன் உள்ளே வரவில்லை என்று கேட்டுப் பெற்ற பதில் அது. அதை வைத்து அந்தப் பெண்ணுக்கு விழிப்புணர்வு ஊட்டப் போகிறோமாம். குளவிக் கூட்டத்துக்குள் தன் உடம்பையே கூரையாக்கிப் பிள்ளையைக் காத்தவளுக்குப் பிள்ளை பராமரிப்பைப் பற்றி நாங்கள் வகுப்பெடுக்கப் போகிறோம்!

என் கோபம் மேலதிகாரியின் மீதா, உத்தியோகத்தரின் மீதா, என் மீதா என்று பிரித்துப் பார்க்க அன்று என்னால் முடியவில்லை. இன்று பிரித்துப் பார்க்கிறேன். அவர்கள் இருவருக்கும் பங்கு உண்டு. ஆனால் அந்தத் தாய் வாசலுக்கு வந்து உண்மையைச் சொன்னது என்னிடம்தான். அவர்கள் இருவரின் வாசலிலும் எந்தத் தாயும் வந்து நிற்கவில்லை.

கட்டில் மட்டுமே இருந்த அந்த அறையில், மடியில் கணினியை வைத்துக்கொண்டு, நடந்ததை முழுவதுமாக எழுதி அனுப்பினேன். அந்தத் தோட்டத்துத் தரவுகளை நீக்க வேண்டும், எங்கள் வருகையே அவற்றைக் கெடுத்துவிட்டது, நான் முந்திய நாள் அனுப்பிய குறிப்பு பொய் என்று எழுதினேன். முதலில் மறுத்தார்கள். நீக்காவிட்டால் அறிக்கையிலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள், ஏன் எடுக்கச் சொன்னேன் என்று கேட்பவர்களுக்கு நான் பதில் சொல்வேன் என்றேன். இரண்டு கிழமை இழுபறிக்குப் பிறகு நீக்கினார்கள். மடுவம் பூட்டப்பட்ட கதையை அறிக்கையில் சேர்க்க மட்டும் கடைசிவரை சம்மதிக்கவில்லை. தோட்டத்துப் பதிவேட்டில் அது இன்றும் வெறும் குளவி விபத்து. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு மாதம் கழித்து அந்தத் தோட்டத்துக்குத் தனியாகப் போனேன். அந்தத் தாய் வேலைக்குத் திரும்பியிருந்தார். நெற்றியில் இரண்டு கறுப்புத் தழும்புகள். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் கூச்சத்தோடு, “நீங்கதானே மிஸ் வேன்ல கொண்டு போனீங்க” என்றார். அவர் எனக்குச் சுலபமான ஒரு வழியைக் காட்டினார். நான் அந்த வழியாகத் தப்பிக்க விரும்பாமல், குளவி கொட்டியதற்கு முந்திய நாள் வாசலில் நடந்ததை நினைவூட்டினேன். “ஆமாங்க, அன்னைக்கு நீங்க கதவத் தொறந்து விட்டிருக்கலாம்” என்றார். அவ்வளவுதான். மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை.

மடுவத்துக்கும் போனேன். கொக்கிகள் எல்லாவற்றிலும் தொட்டில்கள். சுவர் அதற்குள் அழுக்காகியிருந்தது. நான் வேலை செய்த மேசையின்மேல் ஒரு பையன் ஏறி உட்கார்ந்து கோப்பையால் தட்டிக்கொண்டிருந்தான். மடுவத்துப் பெண்ணின் இரண்டு இடுப்பிலும் பிள்ளைகள். என்னைப் பார்த்ததும், “இன்னைக்கு டீ இல்ல மிஸ். கை ரெண்டும் வேலையா இருக்கு” என்றார். முதல் முறையாக அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

நான் இன்னமும் இதே வேலையில்தான் இருக்கிறேன். ஹோட்டல்களும் மேசைகளும் மாறிக்கொண்டேதான் இருக்கின்றன. வேலைக்கு ஓர் இடத்தைத் திறந்து காட்டினால், நேற்று இந்த நேரத்தில் இங்கு யார் இருந்தார்கள், இன்று அவர்கள் எங்கே என்று கேட்கிறேன். காட்டியவரிடம் மட்டுமல்ல, அங்கே தேநீர் கொண்டு வருபவரிடமும் கேட்கிறேன். பதில் கிடைக்கும்வரை என் பை என் தோளில்தான் இருக்கும்.